பூனைக்கு மணல் தேடிய எட்டு நாள்

ஒரு பூனை எதன்மேல் வெளிக்கு இருக்க வேண்டும் என்ற வினாவை எடுத்துக்கொண்டு எட்டு நாள் இடைவிடாது உழைத்தவன், இந்தத் தூத்துக்குடிப் பட்டினத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் மேடையில் பேசிப் பழகியவன். யுத்தம் முடிந்த மறு ஆண்டு, கல்லூரியில் கடைசி வகுப்பில் இருந்த காலத்திலேயே, சட்டமா ஒழுக்கமா, நகரமா கிராமமா என்று எந்தப் பொருளைக் கொடுத்தாலும், எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும், அரைமணி நேரம் பேசி வெல்லக்கூடியவன் என்று பெயர் பெற்றிருந்தேன். தோல்வி எனக்குப் பழக்கமில்லாதது. அதனால்தானோ என்னவோ, அந்த எட்டு நாளும் இன்றுவரை மனத்தில் அப்படியே இருக்கின்றன.

எங்கள் குடும்பம் துறைமுகத்தை அடுத்த தெருவில், ஒரு கிட்டங்கியின் மாடியில் குடியிருந்தது. கீழே சரக்கு, மேலே நாங்கள். கட்டிடமும் கிட்டங்கியும் ஓர் அண்ணாச்சிக்குச் சொந்தம். அவர் அங்கே அடுக்கி வைத்திருந்தது அவுரி இலை, அதாவது நிலாவாரை. தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து காய்ந்து வரும் அந்த இலையைச் சாக்கில் திணித்து, மிதித்து, தைத்துக் கப்பலேற்றினால், அது லண்டன் போய்ச் சேர்ந்து, அங்குள்ள கனவான்களின் மலச்சிக்கலைத் தீர்க்கும் மருந்தாகும். இந்த விவரத்தை நான் வீணுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு தை மாதம் என் அக்காள் முதல் பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்திருந்தாள். மச்சான் தோணியில் சுக்கான் பிடிப்பவர். கொழும்புப் பயணம் புறப்படுமுன் அவர் அக்காளிடம் ஒரு பூனையை ஒப்படைத்துவிட்டுப் போனார். தோணியில் எலிக்காக வளர்த்த தாய்ப்பூனை ஈன்ற குட்டிகளில் அது ஒன்று. ஓர் ஆண்டு தோணியிலேயே வளர்ந்தும், எலியைக் கண்டால் அது பாய்மரத்தில் ஏறிக்கொள்ளுமாம். தோணி ஆட்கள் அதை வெறுத்தார்கள். மச்சான் ஒருவருக்குத்தான் அதன்மேல் பிரியம்.

“நான் திரும்பி வாரது வரைக்கும் இதப் பாத்துக்கோ. ஒனக்கும் ஒரு தொணையா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. தோணி கொழும்பிலிருந்து வேறு துறைக்குச் சரக்கேற்றப் போகிறது, திரும்பத் தாமதமாகும் என்று கண்டிருந்தது. அதன்பிறகு செய்தி இல்லை. அக்காளின் மடியில் இடம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தபோதிலும், அவள் பூனையை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை.

இறக்காவிட்டாலும் பூனை தானே இறங்கியது. விடியற்காலையில் மரப்படிக்கட்டின் இடுக்கு வழியாகக் கிட்டங்கிக்குள் புகுந்து, அவுரி மூட்டைகளில் எது வாய் தைக்கப்படாமல் இருக்கிறதோ அதன்மேல் ஏறி, இலையில் குழி பறித்து, காரியத்தை முடித்து, இலையாலேயே மூடிவிட்டு வந்தது. தெருவில் விடலாம் என்றால் நாய்கள். கொல்லையில் விடலாம் என்றால் எங்கள் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம். நாளுக்கொரு மூட்டை கெட்டது. நாலாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி படியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தச் சரக்கு எங்க போகுது, தெரியுமா?”

“லண்டனுக்கு, அண்ணாச்சி.”

“அங்கன உள்ளவன் வெளிக்கு இருக்கதுக்குத்தான் இத வாங்குதான். ஒங்க பூனை இங்கனயே இருந்து முடிச்சு அனுப்பி வைக்கி. வெள்ளக்காரன் ஒருநாள் மூட்டைய மோந்து பாத்தாம்னா என் யாவாரம் என்னாவும்?”

நான் விடை சொல்லுமுன் அவரே தீர்ப்பையும் சொன்னார். “அடுத்த வாரம் புதன்கிழம காலையில ஒரு தோணி கொழும்புக்குப் போகுது. நம்ம சரக்கும் கொஞ்சம் ஏறுது. பூனையும் அதுலயே ஏறிரட்டும்.”

மாடியில் கைப்பிடிக் கம்பியருகே அக்காள் பூனையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தேன். இரண்டு தரப்பும் எதிரெதிரே நிற்க, நடுவே படிக்கட்டில் நான் நின்றேன். இப்படியோர் இடத்தில் நின்று பேசாமல் இருக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

“அண்ணாச்சி! நாற்புறமும் மணல் சூழ்ந்த நகரம் நம் நகரம். கிழக்கே கடல் கொழித்த மணல். தெற்கே தேரி குவித்த செம்மணல். ஒரு பூனைக்கு வேண்டுவது ஒரு பெட்டி மணல். அந்தப் பெட்டி மணலைத் தர இயலாத மண்ணா நம் மண்? எட்டே நாள் அவகாசம் தாருங்கள். அந்நியப் பொருள் ஒன்றின் உதவியுமின்றி, நம் நாட்டுச் சரக்கைக் கொண்டே இந்தப் பூனையை நான் திருத்திக் காட்டுகிறேன்!”

அண்ணாச்சி முழுவதையும் மரியாதையோடு கேட்டார். “பேச்சு நல்லாத்தான் இருக்கு. பூனைக்குக் காது கேக்குமா?” என்று கேட்டுவிட்டுக் கிட்டங்கிக்குள் போனார்.

மேலேயிருந்து அக்காளின் குரல் வந்தது: “ஏலே, கை தட்ட இங்கன ஆளில்ல. போயி மணல அள்ளிட்டு வா.”

தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து, மாடிக்கூடத்தின் மூலையில் வைத்தேன். மணலில் தூய மணல் எது என்று சிந்தித்தேன். நாள்தோறும் அலை கழுவும் மணலே தூய்மையில் சிறந்தது என்ற முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நேரே கடற்கரைக்குப் போய், அலை வந்து தொட்டுப் போகும் இடத்தில் வாளி நிறைய அள்ளி வந்து பெட்டியில் பரப்பி, அக்காளை அழைத்துக் காட்டினேன். பூனையும் வந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. காதுகளை நிமிர்த்தியது. எனக்கு நெஞ்சு விம்மியது. அப்போது மணல் ஓரிடத்தில் தானாக அசைந்து, அதிலிருந்து இரண்டு கண்கள் எழுந்தன. கட்டைவிரல் நகமளவு நண்டுக்குஞ்சு ஒன்று வெளிவந்து நின்றது.

எலிக்கு அஞ்சும் பூனை நண்டுக்கும் அஞ்சும் என்று நீங்கள் நினைக்கலாம். அஞ்சவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் அது அந்தப் பெட்டியில் வேட்டையாடியது. மணலில் இன்னும் நான்கு நண்டுகள் இருந்தன. மாலையில் மணல் முழுவதும் கூடத்துத் தரையில் கிடந்தது. பெட்டி காலியாக இருந்தது. பூனை களைப்போடு கீழே இறங்கிப்போய் அவுரி மூட்டையில் தன் கடனைக் கழித்தது.

நண்டு இல்லாத மணலே வேண்டும் என்று என் வாதத்தைத் திருத்திக்கொண்டேன். அலைக்கரையை விட்டு மேலே போய், வெயிலில் காய்ந்து கிடந்த மணலைச் சலித்துக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் பூனை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடன்குடிப் பக்கமிருந்து கருப்பட்டி ஏற்றி வரும் வண்டிக்காரர் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்து, சனிக்கிழமை காலை தேரிக்காட்டுச் செம்மணல் ஒரு சாக்கு வரவழைத்தேன். மாவைப்போல் மென்மை, குங்குமத்தைப்போல் நிறம். கையில் அள்ளியபோது, பூனையாகப் பிறந்திருந்தால் நானே இதை விரும்பியிருப்பேன் என்று தோன்றியது. பூனை அதனுள் இறங்கியது. நான்கு காலாலும் நடந்து பார்த்தது. ஒருமுறை சுற்றி வந்தது. வெளியே வந்து எங்கோ போய்விட்டது. மறுப்பு என்று நான் அதைக் கொள்ளவில்லை. பரிசீலனையில் இருப்பதாகக் கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகசாலைக் கூடத்தில் சொற்போர். வாழ்வில் உயர்ந்தது செல்வமா, சீலமா என்பது பொருள். நான் சீலத்தின் பக்கம். கட்டிலில் விரித்துப் போட்டிருந்த என் சரிகைக்கரை வெண்துண்டை அவசரமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கூடம் நிறைந்திருந்தது. முன்னுரையை முடித்து, குரலை மெல்ல உயர்த்தி, “சீலம் என்பது யாது? சிறு கறையும் படியாத வெண்துகில் அது!” என்று முழங்கி, தலைவரை நோக்கித் திரும்பிக் கைகூப்பினேன்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டாம் வரிசை முழுவதும் சிரித்தது. கூட்டம் ஆரவாரிக்கும்போது பேச்சாளன் பேசக் கூடாது, ஆரவாரம் ஓயும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த பயிற்சி. ஆகவே அசையாமல், முதுகைக் காட்டியபடியே, நெடுநேரம் நின்றேன். சிரிப்பு ஓயவில்லை, ஏறிக்கொண்டே போனது. என் உவமைக்கு இத்தனை வரவேற்பா என்று எனக்கே சிறிது வியப்பாகத்தான் இருந்தது.

எனக்குப் பின் எழுந்த எதிர்த்தரப்பு நண்பர் இரண்டே வாக்கியம் பேசினார். “நண்பரின் சீலம் கறையற்றது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்மேல் ஒரு பூனை நடந்திருக்கிறது.”

துண்டை எடுத்துப் பார்த்தேன். வலத்தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் செம்மணலில் பதிந்த பாதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறியும் இறங்கியும் போயிருந்தன. நடுவில் அது சுருண்டு படுத்து உறங்கிய வட்டம் ஒன்றும் இருந்தது. அன்று பரிசு செல்வத்துக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து துண்டை அக்காள் முன் விரித்தேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். மச்சான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. ஆகையால் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா நின்றேன்.

திங்கட்கிழமை நான் மணலை அடியோடு கைவிட்டேன். ஈரத்தை உறிஞ்ச வேண்டும், நாற்றத்தை அடக்க வேண்டும், இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் பொருள் எது? மீனையே ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைப்பது எது? இந்த ஊரில் பிறந்த எவனும் மூன்றாவது கேள்வி வரைக்கும் காத்திருக்க மாட்டான். உப்பு! உப்பளத்தில் கழித்துக் கொட்டிய கறுப்பு உப்பை ஓர் ஓலைக் கடகம் நிறையக் கொண்டுவந்து பெட்டியை நிரப்பினேன். கண்டுபிடிப்பின் பெருமிதத்தோடு அண்ணாச்சியையும் மாடிக்கு அழைத்து வந்தேன்.

“என்னது தம்பி, பூனையக் கருவாடு போடப் போறியா?” என்றார்.

பூனை உப்பில் கால் வைத்தது. கால் உறுத்தியதோ என்னவோ, உடனே வெளியே வந்து உட்கார்ந்து, நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாக நக்கியது. நக்கி முடித்ததும் தாகம் எடுத்தது. சிரட்டை நிறைய இருந்த தண்ணீரைக் குடித்தது. அம்மா மறுபடி ஊற்றினாள், அதையும் குடித்தது. பிறகு எழுந்து, அண்ணாச்சியின் கால்களுக்கிடையே நுழைந்து, படியிறங்கிக் கிட்டங்கிக்குப் போயிற்று. அரைமணி கழித்து இன்னொரு முறையும் போயிற்று.

“இதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மூட்டைதான் போச்சு” என்றார் அண்ணாச்சி. “நீ திருத்துன பெறகு ரெண்டு.”

செவ்வாய்க்கிழமை, தோணி கட்டும் இடத்திலிருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். பூனை பெரிதும் மகிழ்ந்து, அதில் படுத்து, பகல் முழுவதும் உறங்கியது. உறங்கி எழுந்ததும் வழக்கமான இடத்துக்கு வழக்கம்போல் போயிற்று.

அந்த மாலையில் நான் காலிச் சாக்குகளின் நடுவே உட்கார்ந்து, அவகாசம் நீட்டிக் கேட்பதற்கான பேச்சை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். மூன்று காரணங்கள் அகப்பட்டன. நான்காவதைத் தேடும்போது அக்காள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“போதும்லே. அந்த மனுசனும் எத்தன நாள்தான் பொறுப்பாரு? நாளைக்குக் கொண்டுபோயி ஏத்திரு.”

“நான் தோற்கவில்லை, அக்கா. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால்…”

“நீ தோத்தா ஒனக்கு ஒரு கோப்பை போச்சு. அவுக வந்து தோணிய விட்டு எறங்குனதும், எங்கன அதுன்னு கேப்பாக. நான் வெறுங்கைய விரிச்சுக் காட்டணும். அத நெனச்சியா?”

எதிர்வாதம் எத்தனை கூர்மையாக வந்தாலும் நொடியில் மறுமொழி சொல்லுவதே என் தொழில். அன்று நான் எழுந்து, பூனையை ஏற்ற ஒரு பெட்டி தேடப் போனேன்.

புதன்கிழமை காலையில் பூனையை மூடி போட்ட கடகப்பெட்டியில் வைத்துக் கட்டினேன். அக்காள் தன் பழைய சேலைத் துண்டு ஒன்றை உள்ளே விரித்தாள். வழியில் கொடுக்கச் சொல்லிக் காகிதத்தில் சுற்றிய கருவாடும் தந்தாள். படி இறங்கவில்லை. கதவையும் சாத்திக்கொண்டாள்.

கரையில் இரண்டு தோணிகள் நின்றன. ஒன்று கொழும்புக்குப் புறப்படுவது. அதில் அண்ணாச்சியின் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன, அவரும் குடையோடு நின்றிருந்தார். மற்றொன்று அன்று விடியலில் கொழும்பிலிருந்து வந்தது. வரும்போது அதற்குச் சரக்கு அகப்படவில்லை. வெறுந்தோணி காற்றில் கவிழ்ந்துவிடாதிருக்க அடியில் பாரத்துக்கு மணல் நிரப்பிக்கொண்டு வருவார்கள். இங்கே வந்ததும் அதைக் கூடை கூடையாக வாரிக் கரையில் கொட்டுவார்கள். பிறந்தது முதல் நான் பார்த்து வரும் காட்சி அது. கொட்டிய மணல் கறுத்து, ஈரமாய், தாரும் கயிறும் மக்கிய வாடையோடு ஆளுயரம் குவிந்து கிடந்தது. அதைக் கடந்துதான் நடந்தேன். அந்த எட்டு நாளில் எத்தனையோ முறை அத்தகைய குவியல்களைக் கடந்துதான் வாளியோடு போயிருந்தேன்.

புறப்படும் தோணியின் ஆள் ஒருவர், “மூடியத் தெறங்க, உயிரோட இருக்கான்னு பாப்போம்” என்றார். கட்டை அவிழ்த்தேன்.

பூனை தலையை நீட்டியது. மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. அடுத்த கணம் என் மார்பில் காலை ஊன்றிப் பாய்ந்து, கூடைக்காரர்களின் கால்களுக்கிடையே ஓடி, அந்தக் கறுத்த மணற்குவியலின் உச்சியில் ஏறி நின்றது. முன்காலால் நான்கு முறை பறித்தது. ஒருமுறை சுற்றியது. பிறகு, துறைமுகம் முழுவதும் பார்த்திருக்க, கடலை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு, தீர்ப்புக் கூறப்போகும் நீதிபதியின் நிதானத்தோடு உட்கார்ந்தது.

கூடை சுமந்தவர்கள் சுமந்தபடியே நின்றார்கள். முடிந்ததும் அது அழகாக மூடியது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தது. மறுபடியும் மூடியது.

“ஏலே, இது நம்ம தோணிக் குட்டில்லா!” என்று வந்த தோணியின் மேல்தட்டிலிருந்து, முன்பு மச்சானின் தோணியில் வேலை பார்த்த ஒருவர் கத்தினார். “பொறந்ததுலருந்து அடிப்பாரத்து மணல்லயே இருந்து வளந்த பய. இவன வேற எதுல இருக்கச் சொன்னீக?”

நண்டு மணல், காய்ந்த மணல், தேரி மணல், உப்பு, மரத்தூள் என்று எந்தப் பட்டியலை அந்த மனிதருக்குச் சொல்வது? தோணியில் வளர்ந்த பூனை என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். என் வாதங்கள் எல்லாம் மணலைப் பற்றியே இருந்தன. பூனையைப் பற்றி நான் ஒரு வாக்கியம்கூட யோசிக்கவில்லை.

அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு என்னருகே வந்தார்.

“தம்பி, இது எந்த ஊரு மணல்?”

“கொழும்பு மணல், அண்ணாச்சி.”

“அப்படின்னா அந்நியச் சரக்கு.”

“ஆம், அண்ணாச்சி.”

“நாலாப் பக்கமும் மணல் சூழ்ந்த நகரம்னு சொன்னியே, அது எந்த நகரம்?”

அவர் சிரிக்கத் தொடங்கியதும் மூட்டை ஏற்றுவோரும் சிரித்தார்கள். அப்போதும் நான் அசையாமல் நின்றேன். இம்முறை எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதில் ஐயம் இருக்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “சரி, இன்னைக்குத் தோணி பூனை இல்லாமலே போகட்டும். நாளைக்கு விடிய நானே மூட்டைய மோந்து பாப்பேன். அவுரி வாசம் அடிச்சா பூனை இருக்கட்டும். பூனை வாசம் அடிச்சா அடுத்த தோணி.”

அந்தக் குவியலில் ஒரு கூடை மணலை வீட்டுக்குச் சுமந்து வர ஒரு கூலியாளும் இசையவில்லை. பூனை வெளிக்கு இருந்த மணலை யார் தொடுவது என்றார்கள். பூனையைப் பெட்டியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சரிகைக்கரைத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, மணலை நானே சுமந்தேன். வெளுத்தும் போகாத செம்பாதங்கள் அதில் இன்னும் இருந்தன. வாசகசாலை வாசலில் எதிர்த்தரப்பு நண்பர் நின்றிருந்தார். அவர் ஏதோ சொன்னார். காதில் மணல் விழுந்துகொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காத்தார். மேல்துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து, ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்துகொண்டே போனார். அக்காள் படியின் உச்சியில் கம்பியைப் பிடித்து நின்றாள். மாடி மூலையில் தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து பரபரவென்று மணல் பறிக்கும் ஓசை கேட்டது. அண்ணாச்சியும் நிமிர்ந்து அதைக் கேட்டார்.

“அவுரி வாசந்தான் அடிக்கி” என்றார்.

அதுமுதல் கொழும்புத் தோணி வரும் நாளெல்லாம் நான் கடகத்தோடு கரைக்குப் போனேன். அதனால்தான், பங்குனி பிறந்த ஒரு காலையில் மச்சானின் தோணி வந்து நின்றபோது, அவரை முதலில் கண்டவன் நானானேன். தாடி வளர்ந்து, வெயிலில் கருகி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். என்னையும் கடகத்தையும் பார்த்தார்.

“பூனை இருக்கா?”

“இருக்கிறது.”

நான் நிகழ்த்திய பேச்சுகளில் மிகச் சிறியது அதுதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியை அக்காளுக்கு நானே முதலில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓடி, அவர் வந்துவிட்டார் என்றும், கரையேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே பூனையைப் பற்றித்தான் என்றும், குரலை ஏற்றி இறக்கி, உரிய இடங்களில் நிறுத்திச் சொல்லி முடித்தேன். நிறைமாத வயிற்றோடு கதவைத் திறக்கப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். மச்சான் படியேறி வந்து கதவைத் தட்டியபோது, அவள் உள்ளேயிருந்து சொன்னது கிட்டங்கி முழுவதும் கேட்டது:

“வந்ததும் பூனையத்தான கேட்டீக? அது சோறு வடிச்சு வச்சிருக்கும். போயி வாங்கிச் சாப்பிடுங்க.”